அரைக் கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை இஷ்டுக்கு
அம்மா கிழங்கை எண்ணித்தான் போடுவாள்.
ஆளை எண்ண மாட்டாள்.
எண்ணி என்ன?
தோட்டப்பாளையத்தில் எங்கள் முன்னறை
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு வாடகை.
நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய்.
‘சாப்பாடு சேர்த்தி இல்லை’ என்று
அப்பா அட்டையில் எழுதி ஆணியில் மாட்டியிருந்தார்,
தமிழில்.
வந்த யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

கோயில் விட்டு வந்ததும் புடவைகூட மாற்றாமல்
நெஞ்செலும்பை வேகப் போடுவாள்.
பட்டை, நாலு கிராம்பு,
ஒன்றிரண்டாய் இடித்த மிளகு.
குக்கரின் ரப்பர் தளர்ந்துபோய்
விசில் வராது, மூச்சு மட்டும் வரும்.
அந்த மூச்சுக்கே
முன்னறையில் பேச்சு நின்றுவிடும்.
கதவிடுக்கில் முதலில் ஒரு கால்விரல் தெரியும்.
“வா, உக்காரு.”
அவளுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.
அதுவும் தமிழ்.

அசாமிலிருந்து ஒரு தம்பதி.
பேரனின் ஸ்கேன் படத்தை
மடியிலிருந்து இறக்காத கிழவர்.
அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்து
பயத்தில் மூன்று நாள் வாய் திறக்காத தம்பி.
நாங்கள் நால்வர்.
சில ஞாயிறு பாயில் ஒன்பது பேர்.
கிழங்கு அதே ஆறு.

வெந்த கிழங்கைக் குழம்புக்குள்ளேயே
கரண்டி விளிம்பால் இரண்டாக்குவாள்.
எனக்கு எப்போதும் அரை.
எபநேசருக்கும் அரைதான், அவன் கேட்க மாட்டான்,
ரொட்டியை முக்கி முக்கித் தின்பான்.
நான் கேட்பேன்.
“முழுசா குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?”
“அரைக் கெழங்கு துன்னா ஒண்ணும் செத்துட மாட்டே” என்றவள்
சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு
பாயில் இருந்த முகங்களைப் பார்த்தாள்.
அவர்களுக்குத் தமிழ் தெரியாததற்காக
அன்றைக்கு அவள் ஸ்தோத்திரம் சொன்னாள்.

ஹால்தார் என்று ஒருவர், மேதினிப்பூர்க்காரர்.
மனைவி உள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
தட்டை இரண்டு கையாலும் தூக்கி
பால் குடிக்கிற மாதிரி குழம்பைக் குடித்தார்.
அவருக்கு மட்டும் அம்மா முழுக் கிழங்கு போட்டிருந்தாள்.
ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது.
அவர் அதைத் தொடவில்லை.
விரலால் மெல்ல உருட்டி
என் தட்டுக்குத் தள்ளினார்.
தின்றேன்.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விடிந்தபோது முன்னறை காலி.
தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது,
அடியில் பத்து ரூபாய்.
அம்மா அதைப் பிடுங்கியெடுத்து
தலைகூட வாராமல்
காட்பாடி ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினாள்.
மதியம் திரும்பினாள். நோட்டும் திரும்பியது.
அன்றைக்கு வெறும் ரசம்.
அந்த நோட்டு வேதாகமத்தில்
எந்த அதிகாரத்தில் இருக்கிறதென்று
எபநேசருக்குத் தெரியும். சொல்ல மாட்டான்.

இப்போது சத்துவாச்சாரியில் என் வீடு.
மூன்று பேர், மூன்று கிழங்கு,
முழுசு முழுசாய்.
அது என் வைராக்கியம்.
எலும்பு அதே கடை, மிளகு அதே கைப்பிடி.
குழம்பு மட்டும் தண்ணியாய் ஓடுகிறது.
மைதா கரைத்து ஊற்றினேன், போஸ்டர் பசை.
முந்திரி அரைத்து ஊற்றினேன், கல்யாண வீடு.
பத்து வருஷமாய் இதே கதை.

இன்றைக்கு எபநேசருக்குப் போன் போட்டேன்.
ராணிப்பேட்டையில் ஷிப்டில் இருந்தான்,
மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினான்:
“கெழங்க ஒடச்சியா?”
“இல்ல.”
“பின்ன எப்டி கெட்டிப்படும்?”
வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் அடுப்பெதிரே நின்றேன்.
உள்ளே மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல்
தனித்தனியாய் மிதந்தன.
கரண்டியைத் திருப்பி
ஓரமாய் இருந்ததன் மேல் விளிம்பை வைத்து
அழுத்தப் போகிறேன்.
தட்டும் கையுமாய் வந்த என் பெண்
எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்:
“அது என்னோடதா?”